ஒரெஸ்ட் முன்வரிசையில் நின்ற கடைசி வருஷம்

ஆகஸ்ட் 3, 1958, ஞாயிறு

பயிற்சி முகாம் முடிந்து மத்தியானம் வந்து சேர்ந்தார். வாசலிலேயே பையைப் போட்டுவிட்டு நேரே குளியல் தொட்டியில் போய் உட்கார்ந்தார். நான் ஐஸை உடைத்துக் கொட்டினேன். நீனா தன் பொம்மைக் கோப்பையால் அப்பா முதுகில் தண்ணீர் மொண்டு ஊற்றிக்கொண்டிருந்தாள். முதுகு முழுக்க நீலமும் மஞ்சளுமாகக் கன்றிப்போயிருக்கிறது. "அப்பா பூப்போட்ட சட்டை போட்டிருக்கார்" என்றாள்.

"இடம் கிடைச்சிடுச்சு" என்றார், கண்ணை மூடியபடியே.

"எந்த இடம்?"

"என் இடந்தான். இன்னும் ஒரே ஒரு வருஷம், சுகி."

போன வருஷமும் இதையேதான் சொன்னார். முப்பத்துநாலு வயதாகிறது. புதுப் பயிற்சியாளர் டிரேட்டன் எல்லைக்குத் தெற்கே அமெரிக்காவிலிருந்து கல்லூரிப் பையன்களைக் கூட்டி வந்திருக்கிறார். இவர் தேறமாட்டார் என்றுதான் ஊர் முழுக்கப் பேச்சு. தேறிவிட்டார். சந்தோஷப்பட வேண்டும். எனக்கு உடனே ஞாபகம் வந்தது துவைக்கிற துணிதான்.

ஆகஸ்ட் 10

ஊரிலிருந்து, நாசரேத்திலிருந்து அக்கா எழுதியிருக்கிறாள். "உன் வீட்டுக்காரர் ஃபுட்பால் ஆடுகிறவராமே, இந்த வருஷம் எத்தனை கோல்?" என்று கேட்கிறாள். கல்யாணமாகி நாலு வருஷத்துக்குப் பிறகு கேட்கத் தோன்றியிருக்கிறது.

என்ன பதில் எழுதுவது? இது காலால் உதைக்கிற ஆட்டமில்லை அக்கா. இரண்டு நுனியும் கூம்பிய பந்து. அதைக் கையில் வைத்துக்கொண்டு ஓடுவார்கள், எறிவார்கள். எங்கள் அணியில் எறிகிறவன் டென்னி. சினிமா நடிகன் மாதிரி இருப்பான், பத்திரிகையில் அவன் படம்தான் வரும். அவனுக்கு முன்னால் வரிசையாகச் சில மலைகளை நிறுத்தியிருப்பார்கள். எதிராளிகள் டென்னியைச் சாய்க்க ஓடி வரும்போது இந்த மலைகள் குறுக்கே நின்று முட்டித் தடுக்க வேண்டும். அதில் ஒரு மலைதான் உன் மைத்துனர். இத்தனை வருஷத்தில் அவர் பந்தைக் கையால் தொட்டது அநேகமாக இல்லை.

உக்ரைனிலிருந்து வந்த குடும்பம். இவர் அப்பா வாங்கிய நிலத்தில் கோதுமையைவிடக் கல் அதிகம். பள்ளிக்கூடத்தை விட்டபின் இவர் கல் பொறுக்கித்தான் வளர்ந்தார். பிறகு இந்தக் கார்வெல் நகரத்து இறைச்சி ஆலையில் மாட்டுத் தொடைகளைத் தோளில் சுமந்துகொண்டிருந்தவரைப் பார்த்துத்தான் கிளப்காரர்கள் கூட்டிப் போனார்கள். இன்றைக்கும் காலையில் ஆலை, சாயங்காலம் பயிற்சி. ஆட்டத்தை மட்டும் நம்பி இங்கே யாரும் குடும்பம் நடத்த முடியாது.

இவ்வளவையும் அக்காவுக்கு எழுதவில்லை. "கோல் எதுவும் இல்லை, நலமாக இருக்கிறார்" என்று எழுதினேன்.

ஆகஸ்ட் 23

ஜெயித்துவிட்டார்கள். ஆட்டம் முடிந்து வெண்டல் சாப்பிட வந்தான். வரிசையில் இவருக்குப் பக்கத்தில் நிற்பவன். அலபாமாவிலிருந்து வந்த கறுப்பினப் பையன், இருபத்தாறு வயது. மிளகாய் போட்ட எதையும் ரசித்துச் சாப்பிடுவான். அவன் எங்கள் வீட்டுப் படியேறினால் எதிர்வீடுகளில் திரைச்சீலை அசையும். நான் இந்தத் தெருவுக்கு வந்த நாளிலும் அசைந்ததுதான். பழகிவிட்டது.

நான் அவனைத் தம்பி என்று கூப்பிடுவேன். அர்த்தம் கேட்டுத் தெரிந்துகொண்டபின் அவனே "தம்பி வந்திருக்கேன் சிஸ்டர்" என்று சொல்லிக்கொண்டுதான் உள்ளே வருகிறான்.

இந்த ஊரில் ஒருவன் வாயிலாவது அந்த ஒரு தமிழ்ச் சொல் புழங்குகிறதே.

செப்டம்பர் 1, திங்கள்

தொழிலாளர் தின ஆட்டம். ஸ்டேடியத்தில் உட்கார இடமில்லை. நல்ல வெயில்.

ஆட்டத்தின் நாலு பகுதிகளில் மூன்றாவதில் இவர் தலையில் எவன் முழங்காலோ இடித்தது. எழுந்தார். எழுந்து நேராக எதிர் அணியின் பெஞ்சில் போய் உட்கார்ந்தார். கூட்டம் முழுக்கச் சிரித்தது. பின்வரிசையில் ஒருவன் "ஒரெஸ்டுக்கு அந்தப் பக்கத்துத் தண்ணிதான் பிடிச்சிருக்கு" என்று கத்தினான். வெண்டல் ஓடிப்போய்த் தோளில் கை போட்டு அழைத்து வந்தான். கிளப் டாக்டர் மூக்கில் எதையோ காட்டினார். அடுத்த தடவை வரிசை கட்டும்போதே திரும்ப உள்ளே போய்விட்டார்.

வீட்டுக்கு வரும் வழியில் காரை நிறுத்தச் சொல்லி வாந்தி எடுத்தார். வெயில் ஒத்துக்கொள்ளவில்லை.

செப்டம்பர் 4

கார் சாவி ரொட்டி டப்பாவுக்குள் இருந்தது. நீனாவின் வேலையாக இருக்கும்.

செப்டம்பர் 14

தக்காளி விலை சரிந்திருக்கிறது. ஒரு கூடை வாங்கி ஊறுகாய் போட்டேன். நல்லெண்ணெய் கிடைக்காது, கடலை எண்ணெயில்தான். வீடு முழுக்கக் கடுகு வாசனை.

இவர் சமையலறை வாசலில் நின்று "ஓல்கா, உள்ளே வா, குளிருது" என்று கூப்பிட்டார். தோட்டத்தில் நீனா விளையாடிக்கொண்டிருந்தாள். ஓல்கா இவருடைய தங்கை, சின்ன வயதிலேயே காய்ச்சலில் போய்விட்டவள். நீனாவுக்கும் அவளுக்கும் ஒரே முகவாய் என்று எல்லோரும் சொல்வார்கள்.

"நான் நீனா" என்றது குழந்தை.

"நான் அதைத்தானே சொன்னேன்" என்றார்.

செப்டம்பர் 27

இன்று எனக்கு ஆஸ்பத்திரி வார்டில் நர்ஸ் வேலைக்கு விடுமுறை, இவருக்கும் ஆலை இல்லை. மதியச் சாப்பாட்டை எடுத்துக்கொண்டு பயிற்சி மைதானத்துக்குப் போனேன். ஒவ்வொரு முறையும் வரிசையில் குனிந்து நிற்பதற்கு முன்னால் வெண்டல் இவர் காதருகே ஏதோ சொல்கிறான். சிலசமயம் இவர் இடுப்பில் ஒரு தட்டு, வலது பக்கமோ இடது பக்கமோ. அதற்குப் பிறகு இவர் முட்டுகிறதைப் பார்க்க வேண்டும். எதிரே நிற்பவன் சுவரில் மோதிய மாதிரி நின்றுவிடுகிறான். பலத்தில் ஒரு குறையும் இல்லை.

"அவன் அப்படி என்னதான் சொல்றான் உங்ககிட்ட?" என்று கேட்டேன்.

"பாட்டுப் பாடுவான்" என்றார்.

அக்டோபர் 13, திங்கள்

நன்றி நாள், இங்கே விருந்து வைக்கிற பண்டிகை. வெண்டலையும் டென்னியையும் சாப்பிட அழைத்திருந்தேன். டென்னி வரவில்லை. வெண்டல் போனபின் தட்டுகளைக் கழுவிக்கொண்டிருந்தேன். தண்ணீர்க் குழாயின் சத்தம் தலைக்குள் குடைகிறது, நிறுத்து என்றார். ஒரு தட்டுதான் பாக்கி என்றேன். சுவரில் குத்தினார். கை சுவர்ப் பலகையை உடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டது.

பிறகு மாடிப்படியில் உட்கார்ந்து குழந்தை மாதிரி அழுதார். நீனா நல்ல தூக்கத்தில் இருந்தாள், தெரியாது. கையைக் கழுவிக் கட்டுப் போட்டேன். "நான் உன்னை அடிச்சேனா?" என்று கேட்டார். இல்லை என்றேன். மறுபடியும் கேட்டார். இல்லை என்றேன்.

தூக்கமில்லாததுதான் காரணம். சீசன் நடுவில் எல்லோருக்கும் இப்படித்தான்.

வார்டில் ஒரு நோயாளியின் மனைவி வந்து இதையே சொன்னால் நான் அவளைக் கேட்க வேண்டிய கேள்விகள் எனக்குத் தெரியும்.

சுவர் ஓட்டையை அடைக்கப் பிளாஸ்டர் பவுடர் வாங்க வேண்டும்.

அக்டோபர் 20, திங்கள்

வெண்டலை நீக்கிவிட்டார்கள். ஓர் அணியில் இத்தனை அமெரிக்கர்தான் இருக்கலாம் என்று விதி இருக்கிறது. டிரேட்டன் பந்தோடு ஓடுவதற்குப் புதிதாக ஓர் அமெரிக்கனை வரவழைத்திருக்கிறார், அதற்காக ஒருவன் போக வேண்டும். காலையில் கூப்பிட்டுச் சொன்னார்களாம், சாயங்காலம் ரயில்.

சொல்லிக்கொள்ள வந்தான். இவர் ஆலையில் இருக்கிற நேரம் பார்த்துத்தான் வந்திருக்கிறான் என்று பிறகு புரிந்தது. பெட்டியை வெளியிலேயே வைத்துவிட்டு வந்தான். உட்காரவில்லை.

"சிஸ்டர், உங்ககிட்ட ஒண்ணு சொல்லாம போக முடியாது."

"சாப்பிட்டுட்டுப் பேசு தம்பி."

"ஒரெஸ்டுக்கு ஆட்டம் ஞாபகத்துல நிக்கல."

நான் அடுப்பைக் குறைத்தேன்.

"ஒவ்வொரு தடவையும் டென்னி நடுவுல நின்னு, அடுத்து எப்படி ஆடணும்னு அந்த ஆட்டத்தோட பேரைச் சொல்வான். எல்லாரும் கேட்டுக்குவோம். வரிசைக்கு நடந்து வர்றதுக்குள்ள ஒரெஸ்டுக்கு அது போயிடும். தொழிலாளர் தினத்துல இருந்தே இப்படித்தான். எவனைத் தடுக்கணும், எந்தப் பக்கம் திரும்பணும், ஒவ்வொண்ணும் நான்தான் சொல்லிக் குடுத்துட்டு இருந்தேன். சொன்னா போதும், மனுஷன் எமன்தான். சொல்றதுக்கு ஆள் வேணும்."

"யாருக்கெல்லாம் தெரியும்?"

"எங்க ரெண்டு பேருக்குந்தான். யார்கிட்டயும் சொல்லாதேன்னு கேட்டுக்கிட்டார். நான் இங்க வந்த முதல் வாரம், என்னோட ஒரே அறையில தங்க எவனும் வரல. அவர்தான் தன் பையைத் தூக்கிட்டு வந்தார். அதனால சொல்லல." கையிலிருந்த தொப்பியைத் திருப்பினான். "சொல்லியிருக்கணுமோ என்னவோ."

சாதத்தையும் கோழிக் குழம்பையும் டப்பாவில் போட்டுக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டான். கதவருகில் திரும்பி, "அடுத்து நிக்கப் போறவன் சின்னப் பையன், சிஸ்டர். அவனுக்கு அவன் வேலையே தெரியாது" என்றான்.

அக்டோபர் 21

வார்டில் இன்று இரண்டு அறுவைச் சிகிச்சை. கால் வீங்கிவிட்டது. வேறொன்றும் இல்லை.

அக்டோபர் 26, ஞாயிறு

ஞாயிறு ஆராதனை முடிந்து கோயிலிலிருந்து திரும்பியதும் கேட்டுவிட்டேன். நீனாவை எதிர்வீட்டில் விட்டுவிட்டு வந்து, அவர் எதிரே உட்கார்ந்து, "வெண்டல் எல்லாத்தையும் சொல்லிட்டான்" என்றேன்.

கோபப்படுவார் என்று நினைத்தேன். படவில்லை. பல நாளாகத் தூக்கி வைத்திருந்த எதையோ கீழே வைத்தவர் மாதிரி நாற்காலியில் சரிந்தார்.

"காலையில ஆலைக்குப் போறப்ப வழி மறந்துடுது" என்றார். "பாலத்துக்கிட்ட வந்ததும் ஞாபகம் வந்துடுது."

"டாக்டர்கிட்ட போகணும். எங்க ஆஸ்பத்திரியிலேயே நல்ல டாக்டர் இருக்கார்."

"போறேன். சீசன் முடிஞ்சதும் போறேன். இன்னும் ஒரே ஒரு ஆட்டம், சுகி. மேற்குப் பிரிவின் இறுதி ஆட்டம். இத்தனை வருஷத்துல இந்த ஊர் ஒரு தடவைகூட அதுல ஜெயிச்சதில்ல. நான் இல்லாம ஜெயிச்சா அதை நான் எங்க உட்கார்ந்து பார்ப்பேன்?"

"ஜெயிக்கலன்னா?"

"அப்ப நான் அங்க இருந்திருக்கணும்."

வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன். சொன்னால் ஒரு வாரம் பேச்சு, பிறகு இன்னொரு வாரம் பேச்சில்லாமல். நேற்று இரட்டை ஷிஃப்ட் பார்த்திருந்தேன். நீனாவுக்கு இருமல். அடுப்பில் பால் வேறு.

"சரி, ஒரு ஆட்டம்" என்றேன்.

அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். பால் பொங்கிவிட்டது.

நவம்பர் 2

சாப்பிட்ட பிறகு சமையலறை மேஜையில் மொச்சைக் கொட்டைகளைப் பரப்பி வைத்து ஆட்டம் பழகுகிறோம். வெள்ளைக் கொட்டை நம்மவர், கறுப்பு எதிராளி, ஒரு பூண்டுப் பல் டென்னி. ஆட்டத்தின் பெயரை நான் சொல்ல வேண்டும், அவர் தன் கொட்டையை நகர்த்த வேண்டும். எனக்கே எல்லாம் மனப்பாடமாகிவிட்டது. வார்டில் படுக்கை விரிக்கும்போது வாய் தானாக முணுமுணுக்கிறது.

இன்று ஒன்றுகூடத் தப்பில்லை. சிரித்தார். நீனா கறுப்புக் கொட்டை ஒன்றை வாயில் போட்டுக்கொண்டாள், அதற்கும் சிரித்தார்.

நவம்பர் 3

காலையில் கேட்டுப் பார்த்தேன். ஒன்றும் ஞாபகத்தில் இல்லை.

நவம்பர் 6

மாலையில் எல்லாம் வருகிறது. காலையில் போய்விடுகிறது. ஆட்டம் மத்தியானம்.

நவம்பர் 8, சனி

மூக்கு நுனி உறையும் குளிர். தரை இறுகிக் கிடந்தது. நான் ஆட்டத்தைப் பார்க்கவில்லை. இவரை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தேன். முதல் பாதி எப்படியோ ஓடிற்று. எதிரே வருகிறவனை இடித்துத் தள்ளினால் போதும் என்கிற ஆட்டங்களாகவே வந்தன. இடைவேளையில் நம்மவர்கள் முன்னால் இருந்தார்கள். பக்கத்தில் இருந்த பெண் தன் கம்பளியில் பாதியை என் மடியில் போட்டாள். "உங்க ஆள் இன்னைக்கு அசத்துறார்" என்றாள்.

கடைசிப் பகுதி. டென்னி கையைத் தூக்கி ஏதோ சொன்னான். எல்லோரும் வரிசைக்கு வந்து நின்றார்கள். இவர் குனியவில்லை. பக்கத்தில் நின்ற பையனைப் பார்த்தார். அந்தப் பையன் நேரே பார்த்துக்கொண்டிருந்தான். நின்ற அமைப்பைப் பார்த்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது, மேஜையில் எத்தனை தடவை வைத்துப் பார்த்த ஆட்டம். இடது பக்கம் விலகி, வெளியிலிருந்து வருகிறவனை மறிக்க வேண்டும். "இடது பக்கம்" என்று தமிழில் சொன்னேன். சத்தமாகவே சொல்லியிருக்கிறேன் போலிருக்கிறது, பக்கத்துப் பெண் திரும்பிப் பார்த்தாள்.

இவர் வலது பக்கம் திரும்பினார். திறந்த வாசல் வழியாக நுழைகிற மாதிரி ஒருவன் அந்த இடைவெளியில் புகுந்தான். டென்னி பின்னால் எறியக் கையை ஓங்கி நின்றான். எலும்பு முறிகிற சத்தம் மேலே எங்களுக்கே கேட்டது என்று பக்கத்துப் பெண் சொல்கிறாள். எனக்குக் கேட்கவில்லை. இவர் திரும்பி ஓடி வந்து குவியலுக்குள் விழுந்து ஒவ்வொருவனாகத் தூக்கி எறிந்ததைப் பார்த்தேன். அதில் எவன் காலோ இவர் தலையில் பட்டது. அதன்பிறகு டென்னி பக்கத்தில் மண்டியிட்டுக்கொண்டு எழுந்திருக்கவே இல்லை. இரண்டு பேர் வந்து எழுப்பினார்கள்.

தோற்றுவிட்டார்கள்.

நவம்பர் 9

பத்திரிகையில் 'உறைந்த தரையில் ஒரெஸ்டின் கால் வழுக்கியது' என்று போட்டிருக்கிறார்கள். படித்துக் காட்டினேன். "வழுக்கல" என்றார்.

டென்னியை எங்கள் வார்டுக்கே கொண்டு வந்திருக்கிறார்கள். தொடை எலும்பு. கம்பி வைத்திருக்கிறார்கள். நடப்பான். ஓடுவானா என்று டாக்டர் சொல்லவில்லை. இருபத்துநாலு வயது. வலி மருந்தின் மயக்கத்தில் என்னைப் பார்த்து, "மிஸஸ், ஒரெஸ்ட் நல்லா இருக்காரா?" என்றான். நாடித்துடிப்பை எண்ணிக்கொண்டிருந்தேன். எண்ணிக்கை விட்டுப்போய்விட்டது. முதலிலிருந்து எண்ணினேன்.

நவம்பர் 12

டிரேட்டனிடம் போய் இனி ஆடப்போவதில்லை என்று சொல்லிவிட்டு வந்தார். தானே சொன்னாராம். டிரேட்டன் கை குலுக்கி, வசந்தத்தில் ஒரு விருந்து வைக்கலாம் என்றாராம். டாக்டரிடம் அடுத்த வியாழக்கிழமைக்கு நேரம் வாங்கியிருக்கிறேன்.

சனிக்கிழமை ஆஸ்பத்திரிக்கு வந்து டென்னியைப் பார்க்கப் போகிறேன் என்கிறார். "என்ன சொல்வீங்க?" என்றேன். "நடந்ததைத்தான்" என்றார். நான் தடுக்கவில்லை.

நவம்பர் 15, சனி

வந்தார். கோட்டு, கழுத்துப்பட்டை, பளபளவென்று துடைத்த ஷூ. நான் பக்கத்துப் படுக்கையில் ஒரு கிழவருக்குக் கட்டு மாற்றிக்கொண்டிருந்தேன். நடுவில் திரைத்துணி, பாதிதான் இழுத்திருந்தது. கடந்து போகும்போது என்னைப் பார்த்துத் தலையசைத்தார். நானும் அசைத்தேன்.

டென்னி பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். தொப்பியை மடியில் வைத்துக்கொண்டார். பிறகு சொன்னார். "எனக்குக் கால் வழுக்கல, டென்னி. நீ சொன்ன ஆட்டம் எனக்கு மறந்துபோச்சு. தொழிலாளர் தினத்துல இருந்தே மறக்குது. வெண்டல் சொல்லிக் குடுத்துட்டு இருந்தான். அவன் போனப்பவே நான் விலகியிருக்கணும். விலகல. அதான் நீ இப்படிக் கிடக்கிறே."

டென்னி கூரையைப் பார்த்தபடியே படுத்திருந்தான்.

"எனக்குத் தெரியும்" என்றான்.

"எது?"

"வெண்டல் உங்க காதுல பேசுறது. நான் பின்னாடிதானே நிக்கிறேன், எனக்குக் கேக்காதா? அவனை அனுப்பினதும் நான் டிரேட்டன்கிட்ட போனேன். ஒரெஸ்டுக்கு ஒண்ணும் ஞாபகமில்லைன்னு சொன்னேன். ஒரு ஆட்டம்தானே, பார்த்துக்கலாம்னு சொன்னார்." இவர் பக்கம் திரும்பினான். "நானும் சரின்னு வந்துட்டேன். எனக்கும் ஜெயிக்கணும்னு இருந்துச்சு. உங்களைவிட்டா அங்க வேற யாரை நிறுத்துவாங்க?"

கிழவர் "அம்மா, ரொம்ப இறுக்குறே" என்றார். கட்டைத் தளர்த்தினேன்.

ஒரெஸ்ட் எழுந்து, டென்னியின் கட்டுப் போட்ட காலை மூடியிருந்த போர்வையைச் சரிசெய்தார். ஓர் ஓரத்தை இழுத்தார், அது மறுபக்கம் விலகியது, அங்கே போய் அதை இழுத்தார். டென்னி அழுதான். அவர் அவன் நெற்றியில் கையை வைத்திருந்துவிட்டு வெளியே போனார்.

நான் கை கழுவிவிட்டு வெளியே வந்தபோது தாழ்வாரத்து முனையில் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருந்தார். ஒரு பக்கம் நாலடி நடந்தார், நின்றார், திரும்பி வந்தார். என்னைப் பார்த்ததும் முகம் தெளிந்தது.

"சிஸ்டர்" என்றார், வெளியாட்களிடம் பேசுகிற அந்த மரியாதைக் குரலில். "வெளியே போற வழி எது?"

வெள்ளைச் சீருடை, வெள்ளைத் தொப்பி. இங்கே எல்லா நர்சும் ஒரே மாதிரிதான் இருப்போம். அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆனால் இந்த ஆஸ்பத்திரியில் என் நிறத்தில் வேறு நர்ஸ் கிடையாது.

"வாங்க, நானும் அந்தப் பக்கம்தான் போறேன்" என்றேன்.

கூடவே நடந்தார். படியிறங்கும்போது கைப்பிடிப் பக்கத்தை அவருக்கு விட்டேன். அவர் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டார், நான் விழுந்துவிடுவேனோ என்று.

"என் மனைவி இங்கதான் வேலை பார்க்கிறா" என்றார்.

"தெரியும்."

"உங்களுக்குத் தெரிஞ்சவளா?"

"தெரியும்" என்றேன் மறுபடியும்.

வாசல் கதவருகே வந்துவிட்டோம். கண்ணாடிக்கு வெளியே பனி விழ ஆரம்பித்திருந்தது. அவர் தொப்பியைப் போட்டுக்கொண்டு, யாரும் கேட்கிறார்களா என்று பார்த்துவிட்டு, என் பக்கம் குனிந்தார்.

"நான் வழி தெரியாம நின்னதை அவகிட்ட சொல்லிடாதீங்க சிஸ்டர். ரொம்பக் களைச்சுப் போயிருக்கா."

"சொல்லமாட்டேன்" என்றேன்.